மலையில் தீ வந்தால் ஊர்வன என்ன ஆகும்? போடிமெட்டு, மறையூர், குமுளிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி, பங்குனி வந்தால் எங்கள் பக்கம் ராத்திரியில் மலைக்கு மாலை போட்ட மாதிரி தீ தெரியும். போடியில் நின்று பார்ப்பவர்கள் "கேரளப் பக்கம் எரிகிறது" என்பார்கள். பூப்பாறையில் நின்று பார்ப்பவர்கள் "தமிழ்நாட்டுப் பக்கம்" என்பார்கள். தீ எல்லைக்கல் பார்த்து எரிவதில்லை.

நான் பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். தீத்தடுப்புக் கோடு வெட்டும் ஆட்களோடு சில வருடம் போயிருக்கிறேன். தீ அணைந்த பிறகு எரிந்த சரிவுகளில் பாம்பு, ஓணான், அரணை என்று தேடிக்கொண்டு நடப்பது பழக்கமாகிவிட்டது. கம்பம், உத்தமபாளையம் சொந்தக்காரர்கள், லயத்துப் பிள்ளைகள் (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), பள்ளி ஆசிரியர்கள், மலையேற வருகிறவர்கள் என்று ஆளாளுக்குக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

தீ வந்தால் பாம்பு, பல்லி எல்லாமே செத்துவிடும்தானே?

இல்லை. எல்லோரும் முதலில் கேட்பது இதுதான், எல்லோருக்கும் ஆச்சரியம் தரும் பதிலும் இதுதான்.

புல்மேட்டில் வரும் தீ வேகமாக ஓடும் தீ. ஆளுயரத்துக்கு எழும்பிப் பயமுறுத்தும், ஆனால் ஓரிடத்தில் சில நிமிடங்கள்கூட நிற்காது. மண் சூட்டை எளிதில் கீழே விடாது. மேலே புல் சாம்பலாகும்போது, நாலைந்து விரற்கடை ஆழத்தில் சூடு பெரிதாக ஏறியிருக்காது. எலி வளையிலோ, கறையான் புற்றிலோ, பாறை இடுக்கிலோ புகுந்துவிட்ட பாம்புக்கு அது தலைக்கு மேலே ஒரு லாரி போன மாதிரி.

ஆனால் பட்டுப்போய்க் கிடக்கும் மரக்கட்டைக்குள் ஒளிந்தது பெரும்பாலும் தப்பாது. கட்டை உடனே எரிவதில்லை. ராத்திரி முழுக்கக் கனன்று, மறுநாளும் புகையும். சருகு முழங்கால் அளவுக்குச் சேர்ந்த இடமும், உண்ணிச்செடி அடர்ந்த புதரும் அப்படித்தான். அங்கே தீ நின்று எரியும், மண்ணும் வேகும். பெரும்பாலான பாம்புகளுக்கும் பல்லிகளுக்கும் உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சில டிகிரி ஏறினாலே உயிர் போய்விடும். அதனால் எந்த ஊர்வன என்று கேட்பதற்கு முன்னால், அது எங்கே ஒளிந்தது என்று கேட்க வேண்டும்.

சரி, யாருக்கு ஆபத்து அதிகம்?

மண்ணுக்குள்ளேயே வாழும் கேடயவால் பாம்புகளுக்குத் தீ நேரத்தில் ஆபத்து குறைவு. எங்கள் ஊரில் இவற்றையும் மண்ணுளி என்றே சொல்வார்கள். மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் விரல் பருமனில் நெளியும், வால் நுனி வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். உலகத்தில் இந்தக் குடும்பம் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒவ்வொரு மலைத் துண்டுக்கும் தனித்தனி இனம்கூட இருக்கிறது. வெயில் காலத்தில் ஈரம் தேடி ஆழத்துக்குப் போய்விடுவதால் மேலே எரிவது இவற்றுக்குத் தெரியவே தெரியாது.

பாறை ஓணானும் கெட்டிக்காரன். ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் முதுகு சிவந்து, பக்கவாட்டு கறுத்து, தூரத்திலிருந்தே கண்ணில் படும். வெறும் பாறையில் எரிய ஒன்றும் இல்லாததால் விரிசலுக்குள் ஒட்டிக்கொண்டால் போதும்.

பச்சோந்திக்குத்தான் பாவம், கஷ்டம். ஓட வராது. காற்றில் ஆடும் இலை மாதிரி ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று நடக்கிற உயிர். உயரமான மரத்தில் இருந்தால் தரைத்தீ கீழே போய்விடும். புதரில் இருந்தால் அவ்வளவுதான்.

மலைப்பாம்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முட்டையிடும் காலம் இங்கே வெயிலோடு ஒட்டி வருகிறது. தாய் முட்டைக் குவியலைச் சுற்றிச் சுருண்டு சுமார் இரண்டு மாதம் அடைகாக்கும். சதையை நடுக்கிச் சூடு உண்டாக்கி முட்டைக்குக் கொடுக்கும் அபூர்வமான பாம்பு அது. தீ வரும் மாதங்களில் நகராமல் இருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு. உடும்பு முட்டைகள் மண்ணுக்குள்ளோ புற்றுக்குள்ளோ இருப்பதால் ஓரளவு பத்திரம்.

தோலுரிக்கப் போகும் பாம்பையும் மறக்கக் கூடாது. கண் பால் பூத்த மாதிரி மங்கி, பார்வை சரியில்லாமல், எங்கும் போகப் பிடிக்காமல் கிடக்கும் சில நாட்கள் அவை. அந்த நாளில் தீ வந்தால் வேகம் காட்ட முடியாது.

நட்சத்திர ஆமைக்கு வருவோம். மறையூருக்குக் கீழே, உடுமலைப்பேட்டைச் சாலையில் இருக்கும் சின்னார் மழை மறைவுப் பகுதி. சுமார் 90 சதுர கிலோமீட்டர் சரணாலயம், முள்காடு. கேரளத்தில் நட்சத்திர ஆமைக்குப் பெயர் பெற்ற இடம். இந்த ஆமை மழை வந்தால் சுறுசுறுப்பாகும், வறட்சியில் புதரடியில், புல் தூரடியில் அசையாமல் கிடக்கும். தீ தேடி வருவதும் அந்தப் புல் தூரைத்தான். ஓடு இருக்கிறதே என்று கேட்கிறார்கள். ஓடு என்பது மேலே போட்ட மூடி இல்லை. அதுவும் உயிருள்ள எலும்புதான், மேலே நகம் போன்ற ஒரு படலம். வெந்தால் உள்ளே வரைக்கும் வேகும்.

தீ வருவது இவற்றுக்கு முன்கூட்டியே தெரியுமா?

புகை வாசனை தெரியும் என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு மிருகக்காட்சி சாலையில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, சோம்பேறித்தனத்துக்குப் பெயர்போன குட்டைவால் அரணைகளை வைத்திருந்தார்கள். ஒரு நாள் சமையலறையில் எதுவோ கருகிப் புகை பரவியதும், எப்போதும் படுத்தே கிடக்கும் அவை நாக்கை நீட்டி நீட்டி, கூண்டுக்குள் அங்கும் இங்கும் நடக்க ஆரம்பித்தன. தீ அடிக்கடி வரும் நாட்டில் வந்த உயிர், கூண்டுக்குள் இருந்தாலும் புகையை மறக்கவில்லை போல.

நம் ஓணான்களும் அப்படியா என்றால், நான் கண்ணால் கண்டது இதுதான்: புகை ஏறும்போது அவை பெரும்பாலும் தூர ஓடுவதில்லை. பக்கத்தில் தெரிந்த பொந்துக்கு ஓடும். தெரிந்த பொந்து இல்லாத உயிருக்குத்தான் ஆபத்து.

மூங்கில் உரசித் தீ பிடிக்கிறது என்கிறார்களே?

எங்கள் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார். ஆனால் நம் மலைகளில் தீக்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் மனிதர்தான். இளம்புல் வரட்டும் என்று மாட்டுக்காகக் கொளுத்துவது, தைலப்புல் துளிர்க்கக் கொளுத்துவது, தேன் எடுக்கப் போன பந்தம், அணைக்காத பீடி, சாலையோரக் குப்பைக்கு வைத்த தீ, சில சமயம் பகை. இடி மின்னல் நம் ஊரில் பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருவதால், மின்னலால் பற்றிய தீ பரவுவது அரிது. மூங்கிலின் மேல் பழி போட்டால் யாரிடமும் கேள்வி கேட்க வேண்டியதில்லை, அது ஒரு வசதி.

தீயில் அதிகம் சாகவில்லை என்றால் அப்புறம் என்ன பிரச்சினை?

தீக்குப் பிறகு வரும் நாட்கள்தான் பிரச்சினை. தீயைவிட மொட்டைத் தரை அதிகம் கொல்கிறது. நான் இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வருடம் ஆனது. முதல் தடவை எரிந்த சரிவுக்குப் போனபோது கருகிய உடல்களை எதிர்பார்த்துப் போனேன். அதிகம் கிடைக்கவில்லை. சந்தோஷமாகத் திரும்பினேன். பத்து நாள் கழித்துப் போனபோது, முதல் நாள் உயிரோடு பார்த்த ஓணான்கள் ஒன்றுகூட இல்லை. பட்ட மரத்தில் ஒரு வல்லூறு உட்கார்ந்திருந்தது.

தீ எரியும்போதே கரிச்சான், பனங்காடை, பருந்து எல்லாம் தீ முனைக்கு வந்துவிடும். தப்பித்துப் பறக்கும் வெட்டுக்கிளிகள் அவற்றுக்கு விருந்து. தீ போனதும் கண்ணில் படுகிற எதுவும் இரைதான். பழுப்பும் பச்சையுமாகப் புல்லோடு கலந்திருந்த அரணை, கரி மேல் நடந்தால் வெள்ளைத்தாளில் மை சொட்டிய மாதிரி தெரியும். கீரி, மயில், காட்டுப்பன்றி எல்லாம் அந்தத் தரையைச் சலித்து எடுக்கும்.

அடுத்தது சூடு. ஊர்வனவற்றின் உடலுக்குள் சூட்டைச் சீராக வைக்கும் ஏற்பாடு இல்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த்தான் உடல் சூட்டைக் கட்டுப்படுத்த வேண்டும். நிழலே இல்லாத கரித்தரை, அதுவும் கறுப்பு நிறம், பகலில் தோசைக்கல். காலை ஒன்பது மணிக்கே பொந்துக்குள் போய்விட வேண்டியிருந்தால் இரை தேட நேரம் எங்கே? இரையும் இல்லை. பூச்சிகள் எரிந்தோ பறந்தோ போயிருக்கும், தவளைகள் ஈரம் தேடி ஓடைக்குப் போயிருக்கும்.

இதெல்லாம் முதல் கோடை மழை வரை. சில வருடம் பங்குனிக் கடைசியிலேயே நல்ல மழை விழும். பத்துப் பதினைந்து நாளில் கரிக்கு நடுவே புல் தளிர்க்கும், வெட்டுக்கிளி வரும், பிழைத்துக் கிடந்த ஓணானுக்கு அடுத்த மாதம் கொண்டாட்டம். சில வருடம் மழை பிந்தும். ஒரே மலை, ஒரே தீ, மழை வரும் தேதியால் முடிவு தலைகீழாகிவிடும்.

இங்கிலாந்தில் "ஹீத்" நிலங்கள் எரிந்தால் ஊர்வன எப்படி மீள்கின்றன என்று நிறைய எழுதுகிறார்களே, அது நமக்குப் பொருந்துமா?

கேட்டது லண்டனில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன். நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹீத் என்பது மணல் கலந்த, சத்துக் குறைந்த மண்ணில் ஹெதர் என்ற குட்டைப் புதர் பரவிய வெட்டவெளி. தூரத்திலிருந்து பார்த்தால் வாகமண், பீர்மேட்டுப் புல்மேடுகளின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். அங்கே ஊர்வன மொத்தமே ஆறு இனம்தான். மூன்று பாம்பு, கால் இல்லாத பல்லியையும் சேர்த்து மூன்று பல்லி. ஆறும் வாழும் இடம் தெற்கே டோர்செட் மாவட்டம். அதில் மணல் பல்லியும் வழுவழுப்புப் பாம்பும் அந்நாட்டில் மிக அரியவை, ஹீத் நிலத்தை விட்டால் அவற்றுக்கு வேறு போக்கிடம் குறைவு.

அங்கே ஊர்வன குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் உறங்கும். அதனால் மார்கழி, தைக் குளிரில் மேலே ஹெதரைக் கட்டுப்பாட்டோடு எரித்தாலும் கீழே இருப்பவை பெரும்பாலும் தப்பும். மார்ச், ஏப்ரலில் வெளியே வந்து வெயில் காயும் நேரத்தில் தீ வந்தால் அடி பலமாக விழும். காய்ந்த போன வருடத்து ஹெதர் அப்போதுதான் எளிதில் பற்றும். 2020 மே மாதம் டோர்செட்டில் வேர்ஹாம் காட்டில் 200 ஹெக்டேருக்கும் மேல் எரிந்தது. அந்த இடத்தில் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கியெறியும் கறி வாட்டும் அடுப்புகள் கிடந்தன. நம் ஊர்ப் பீடிக்கு அவர்கள் ஊர் அண்ணன்.

மீட்சிதான் பெரிய வித்தியாசம். நம் புல் ஒரு மழையில் எழுந்துவிடும். ஹெதர் அடித்தூரிலிருந்தும் விதையிலிருந்தும் மெல்ல வரும். மணல் பல்லிக்கும் வழுவழுப்புப் பாம்புக்கும் தேவை நன்றாக முற்றி அடர்ந்த ஹெதர். அந்த நிலைக்கு வரப் பத்து வருடத்துக்கும் மேல் ஆகிவிடும். அதற்குள் மறுபடி எரிந்தால் கணக்கு முதலிலிருந்து. மணல் பல்லி முட்டை வைக்க வெயில் படும் வெறும் மணல் திட்டு வேண்டும், ஒளிய அடர்ந்த புதர் வேண்டும், இரண்டும் சில அடி தூரத்தில் இருக்க வேண்டும். தீ மணலைக் கொடுத்துவிட்டுப் புதரை எடுத்துக்கொள்கிறது.

1800-லிருந்து பார்த்தால் அங்கே தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விட்டது. மீதி துண்டு துண்டாக, நடுவில் சாலை, வீடு. ஒரு துண்டு முழுக்க எரிந்தால் பக்கத்துத் துண்டிலிருந்து பல்லி நடந்து வர வழியில்லை. அதனால் மணல் பல்லிகளைக் கூண்டில் வளர்த்துக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

நமக்குப் பொருந்துவது இந்தக் கடைசி விஷயம்தான். தேயிலைத் தோட்டம், யூகலிப்டஸ், தார்ச்சாலை என்று சூழப்பட்ட ஒரு புல்மேட்டுத் துண்டில் இருக்கும் கேடயவால் பாம்பு, தார்ச்சாலையைத் தாண்டி இன்னொரு மேட்டுக்குக் குடிபோவது நடக்கிற காரியம் இல்லை.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஹீத் நிலத்து மஞ்சள் பூ முட்செடியான கோர்ஸை வெள்ளைக்காரர்கள் ஊர் ஞாபகத்துக்காக நீலகிரியில் நட்டார்கள். எண்ணெய்ப் பசையுள்ள செடி, பச்சையாகவே நன்றாக எரியும். நம் புல்வெளியில் அது இன்றும் களையாகப் பரவி நிற்கிறது.

நம் புல்மேடுகளுக்குத் தீ தேவை என்று சிலர் சொல்கிறார்களே?

சொல்பவர்கள் முழுக்கத் தப்பு இல்லை. மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாட்டுக்காக, வருடத் தொடக்கத்தில் பனி ஈரம் இருக்கும்போதே சிறு சிறு திட்டாக எரிக்கும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. இந்த மலைப் பழங்குடிகளான முதுவர்கள் அந்த வேலையில் கைதேர்ந்தவர்கள். ஈரம் இருக்கும்போது வைத்த தீ புல் நுனியை எடுத்துக்கொண்டு, தூரை விட்டுவிட்டு, சோலை (புல்மேட்டுக்கு நடுவே இருக்கும் பசுமைக்காடு) விளிம்பு வந்ததும் தானே அணையும். பங்குனியில் எரியும் தீக்கு அந்த அடக்கம் கிடையாது.

ஆஸ்திரேலியாவில் ககாடு தேசியப் பூங்காவில் கழுத்துச் சவ்வை விரிக்கும் பல்லிகளுக்கு ரேடியோ கட்டிப் பார்த்தார்கள். வறட்சிக்காலத் தொடக்கத்தில் வைத்த மெல்லிய தீயில் அவை மரத்தில் உட்கார்ந்தபடியே தப்பின. வறட்சியின் கடைசியில் வைத்த கடுந்தீயில் கணிசமான பல்லிகள் செத்தன. அதே பல்லி, அதே காடு, மாதம் மட்டும் வேறு.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் தீப்பெட்டியோடு கிளம்ப வேண்டாம். ஒன்று, சட்டப்படி குற்றம். இரண்டு, இன்று நம் சரிவுகளில் புல் மட்டும் இல்லை. உண்ணிச்செடி, வாட்டில் மரம், கேரளத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்று சொல்லும் செடி எல்லாம் கலந்து கிடக்கிறது. தாத்தா காலத்துப் புல்லுக்கு வைத்த தீ இந்தப் புதருக்குச் சரிவராது. ஆனமலை முள்ளோணான் என்று ஒரு அழகான உயிர், இரவிகுளம் பக்கத்து உயர்மலைச் சோலை விளிம்பிலும் புதரிலும் மட்டும் வாழ்வது. மெதுவாக நகரும், குளிருக்கு மரத்துப்போன மாதிரி கிளையில் ஒட்டியிருக்கும். விளிம்பைத் தாண்டித் தீ சோலைக்குள் நுழைந்தால் அதற்கு வேறு ஊர் கிடையாது.

மீள எத்தனை வருடம் ஆகும்?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கரட்டோணான், விசிறித்தொண்டை ஓணான் போன்ற வெயில் பிரியர்கள் முதல் மழைக்குப் பிறகே வந்துவிடுவார்கள். திறந்த நிலம் அவர்களுக்கு லாபம்தான். சருகுக்குள் வாழும் அரணைக்குச் சருகு மறுபடி சேர வேண்டும், அதற்குச் சில இலையுதிர்காலம் தேவை. பட்டுப்போன பெரிய கட்டையில் குடியிருக்கும் பாம்புக்கு ஒரு பெரிய மரம் வளர்ந்து, செத்து, விழ வேண்டும். நட்சத்திர ஆமை முதிர்ச்சி அடையவே பல வருடம், ஒரு தடவைக்கு இடுவது சில முட்டைகள். வயதுவந்த பெண் ஆமைகள் பத்துப் போனால் அந்தக் காட்டில் அது ஒரு தலைமுறைக் கணக்கு.

இதைவிட முக்கியமான கணக்கு, எரியாமல் மிஞ்சியது எவ்வளவு என்பது. நூறு ஏக்கர் எரிந்தாலும் நடுவில் பாறைத் திட்டு, ஓடைக்கரை, பத்து சென்ட் பச்சைப் புதர் என்று அங்கங்கே மிஞ்சியிருந்தால் உயிர்கள் அங்கிருந்து திரும்பப் பரவும். வருடா வருடம் ஒரே சரிவு எரிந்தால் அந்தத் திட்டுகளும் ஒவ்வொன்றாகப் போய்விடும். பத்து வருடத்துக்கு ஒரு தீயைத் தாங்குகிற மலை வருடத்துக்கு ஒரு தீயைத் தாங்காது.

ஆஸ்திரேலியத் தீயில் 300 கோடி விலங்குகள் செத்தன என்பது உண்மையா?

2019-20 தீயில் ஏறக்குறைய 300 கோடி விலங்குகள் "பாதிக்கப்பட்டன" என்பதுதான் மதிப்பீடு. செத்தவை, இடம்பெயர்ந்தவை, வாழ்விடம் இழந்தவை எல்லாம் அதில் சேரும். அதில் சுமார் 246 கோடி ஊர்வன. செய்திகளில் வந்த படமெல்லாம் கோலா, கங்காரு. பல்லிக்கு யார் படம் போடுகிறார்கள்?

தீக்குப் பிறகு லயத்துக்குள் பாம்பு வருமா? என்ன செய்வது?

காட்டு விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு வர வாய்ப்பு உண்டு. ஒளிய இடமும் எலியும் உங்கள் வீட்டைச் சுற்றித்தானே மிச்சம் இருக்கிறது. விறகு அடுக்கைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், ராத்திரி வெளியே போனால் டார்ச் எடுங்கள், காலையில் பூட்ஸைத் தட்டிவிட்டுப் போடுங்கள். பாம்பைக் கண்டால் அடிக்க வேண்டாம். கேரளப் பக்கம் வனத்துறையின் "சர்ப்பா" செயலியில் பயிற்சி பெற்ற பாம்பு மீட்பவர்களின் விவரம் இருக்கிறது, 2020-லிருந்து நடக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

கடிபட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கிறவரிடம் நேரம் போக்காதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். தோட்டக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகத் தயாரிக்கப்படுவது. ஏலத்தோட்டத்தில் அதிகம் கடிப்பதோ குழிவிரியன்கள். அதிலும் மலையாளத்தில் முழமூக்கன் என்று சொல்லும் மூக்கு மேடான சின்னப் பாம்பின் கடி சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், அந்த மருந்து அதற்குக் கேட்காது. "குழிவிரியன்தானே, ஒன்றும் ஆகாது" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்கக் கூடாது.

வெந்துபோன ஆமையோ உடும்போ கிடைத்தால்?

தண்ணீரில் முக்க வேண்டாம். நட்சத்திர ஆமை நிலத்து ஆமை, நீந்தத் தெரியாது. மஞ்சள், வெண்ணெய் எதுவும் பூச வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில் வைத்து நிழலில் விட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். எடுத்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிழைத்தால் அங்கேதான் விட வேண்டும். "பாவம், நாமே வளர்ப்போம்" என்று வீட்டில் வைத்தால் 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டப்படி சிக்கல்.

எரிந்த கட்டைகளை விறகுக்கு எடுக்கலாமா? இடத்தைச் சுத்தம் செய்யலாமா?

காப்புக்காடு என்றால் எடுக்கவே கூடாது, அது வேறு விஷயம். உங்கள் சொந்தத் தோட்டத்து ஓரம் என்றால், தயவுசெய்து பாதியையாவது விட்டுவிடுங்கள். கல் குவியல், பாதி எரிந்த கட்டை, புற்று இவைதான் அடுத்த மூன்று மாதத்துக்கு அந்த இடத்தின் மொத்த நிழல். ஜேசிபி வைத்துப் புற்றை இடித்துச் சமப்படுத்திய ஒரு தோட்டத்து ஓரத்தில் இரண்டு மழைக்குப் பிறகும் எனக்கு ஒரு அரணைகூடக் கண்ணில் படவில்லை. எதிரே, சோம்பலால் எதையும் தொடாமல் விட்ட பக்கத்துத் தோட்டக்காரரின் ஓரத்தில் கல்லுக்குக் கல் ஓணான்.

எரிந்த புல்மேட்டில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து மரம் நடலாமா?

வேண்டாம் டீச்சர். அது மொட்டை நிலம் இல்லை, புல்வெளி. புல் தானே வரும். மரம் நட்டால் நிழல் விழும், புல் போகும், வெயில் காயும் ஓணான் போகும். வெற்றிடம் என்று நினைத்து வாட்டிலும் பைனும் நட்டதன் விளைவைத்தான் மூணாறிலும் கொடைக்கானலிலும் இப்போது வெட்டிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போக ஆசை என்றால் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, மாதம் ஒரு தடவை ஒரே பாதையில் நடந்து கண்டதை எழுதச் சொல்லுங்கள்.

தீக்காலத்தில் மலையேறலாமா?

2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பாம்புக்குப் பொந்து இருக்கிறது, மனிதனுக்கு அந்தச் சரிவில் ஒன்றும் இல்லை. வனத்துறை பாதையை மூடினால் வேறு வழி தேடாதீர்கள்.

எரிந்த இடத்தில் எதை முதலில் தேடுவீர்கள்?

தடத்தை. சாம்பல் படிந்த தரை ஒரு நாள் இரண்டு நாள் வரை நல்ல நோட்டுப் புத்தகம். காற்று அடிக்கும் முன், காலையிலேயே போக வேண்டும். உடும்பு நடந்தால் நடுவில் வால் இழுத்த கோடும் இரு பக்கமும் நகக்குறியும் இருக்கும். பாம்பு போனால் ஒரே நெளிவு. பாம்பாடும்சோலைப் பக்கம் ஒரு தடவை, புற்று வாயிலிருந்து புறப்பட்ட ஒரு நெளிவைப் பின்தொடர்ந்தேன். எரிந்த புல்லைத் தாண்டி, கருகிய குறிஞ்சிப் புதரைச் சுற்றி, நாற்பது அடி போய், ஓடையோரத்தில் தீ தொடாத ஒரு பாய் அகலப் பச்சைக்குள் அது நுழைந்திருந்தது. நான் அதற்கு மேல் போகவில்லை.